நான் எழுதிய நான்கு ‘இல்லை’

இந்த மாதக் கடைசியில் நான் மேற்படிப்புக்குப் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: குழந்தை அழாமல் ரத்தம் எடுப்பது எப்படி? அது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வராவிட்டாலும் குழந்தைகள் உங்களை மன்னித்துவிடுவார்கள்; ஒரு பலூன் போதும். நான் சொல்ல நினைப்பது குழந்தை அழாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஆய்வகத்தில் இதை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருக்கலாம். முழுதாக என்னிடமே கேட்டுவிடுங்கள்.

முதலில் நம் வேலை என்ன என்பதை, இங்கே சேர்ந்த புதிதில் என் அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். அம்மா பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதுவரை எங்கள் பெயரை யாராவதுதான் படிவத்தில் எழுதினார்கள். மற்றவர் பெயரைப் படிவத்தில் எழுதிய முதல் கை என்னுடையது. அந்தப் பெருமை எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அம்மாவிடம் இப்படிச் சொன்னேன். கீரை, பப்பாளி, கேரட், பூசணி இவற்றில் கரோட்டினாய்டு என்று ஒரு சத்து இருக்கிறது. அது குழந்தைகளின் ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். நேராக அதையே அளப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், ரத்தமும் கூடுதலாக எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்து ஏறினால் கூடவே ஏறி, இறங்கினால் கூடவே இறங்குகிற சில புரதங்கள் ரத்தத்தில் உண்டு. அவற்றை அளக்கச் சில சொட்டு போதும். புரதத்தைப் பார்த்துச் சத்தைச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆய்வு.

அம்மா கொஞ்சம் யோசித்தார். “கம்பெனி வேன் வந்துருச்சுன்னா ஆளுங்க வந்துட்டாங்கன்னு சொல்ற மாதிரி. அப்படித்தான கண்ணு?”

“அப்படியேதான்மா.”

“வேன் ரிப்பேராயி நின்னுருச்சுன்னா? ஆளுங்க எல்லாம் ஸ்டாப்புல நின்னுட்டுத்தான் இருப்பாங்க. கம்பெனியில என்னமோ யாருமே கெளம்பலைன்னு நெனச்சுக்குவாங்க.”

நான் சிரித்துவிட்டு, இன்னொரு தோசை கேட்டேன்.

அம்மா கேட்டது இந்த ஆய்விலேயே மிகக் கடினமான கேள்வி. உடம்புக்குள் நோய் இருந்தால், குழந்தை நன்றாகச் சாப்பிட்டாலும் அந்தப் புரதங்கள் குறைந்துவிடும். அதனால்தான் படிவத்தில் சாப்பாட்டைக் கேட்பதற்கு முன் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் உண்டா, சளி இருமல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, காதிலோ தோலிலோ சீழ் உண்டா. பயிற்சியில் இதை எனக்குச் சொன்னார்கள். நானும் பார்க்காமலே ஒப்பிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்கு. கம்பெனி விடுமுறையான ஞாயிறு தவிர வேறு நாளில் அங்கே தாய்மார்களைப் பார்க்க முடியாது. என்னோடு வந்தவர் அன்வர் அண்ணன். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இயந்திரத்தில் ஓட்டி முடிவு எடுக்கும்வரை எல்லாம் அவர் கையில்தான்.

நான்காவது வீடு சரஸ்வதியுடையது. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் துணியை விளக்கடியில் விரித்து, கறை, ஓட்டை, தையல் விலகல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற வேலை அது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். நாங்கள் வருவது தெரிந்து வாசல் தெளித்து, நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார். நாலு வயது மகள் கனிஷ்கா குளித்து, இரட்டைச் சடையைக் காதை மூடினாற்போல் மடித்து ரிப்பன் கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க அம்மிணி, உக்காருங்க. டீ குடிச்சுட்டுத்தான் ஊசியெல்லாம்.”

“நல்லா இருக்கீங்களாக்கா? பாப்பா நல்லா இருக்கறாளுங்களா?”

“நல்லா இருக்கறாளுங்க. ஒரு குறையுமில்லீங்க.”

ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் பேனா. நான்கு கட்டங்களிலும் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று அழகாக எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும்.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். சரஸ்வதி விவரமாகச் சொன்னார். சாயங்காலம் கம்பெனி விடும்போது கேட்டுக்கு எதிரே கீரைக்கட்டு விற்க வரும். ராத்திரிக்குக் கீரை ஆகாது என்பதால் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, காலையில் வேன் வருவதற்குள் கடலை எண்ணெய் விட்டுக் கடைந்து பாப்பாவுக்கு ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவாராம். “தினமுமுங்க. ஒரு நாள் தப்பாது.” அதையும் எழுதினேன்.

ஊசி குத்தியபோது கனிஷ்கா அழவில்லை. அன்வர் அண்ணன் பின்னாலிருந்து, “இவ பெரிய டாக்டரா வருவா பாருங்க” என்று வேடிக்கையாகச் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தைரியமான குழந்தை என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து முதல் முடிவுகள் வந்தன. கனிஷ்காவின் புரதம் குறைவாக இருந்தது. குறைவாக உள்ள குழந்தைகளின் தாய்மார்களை அங்கன்வாடியில் கூட்டி, என்ன கொடுக்க வேண்டும் என்று விளக்குவது வழக்கம். விளக்கியது நான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, படிவத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தேன். சரஸ்வதியின் முறை வந்தது.

“தினமும் கீரை குடுக்கறேன்னு சொல்லியிருக்கீங்க.”

“குடுக்கறனுங்க.”

“குடுத்தா ரத்தத்துல தெரியோணுமில்லீங்க. நாம என்ன வேணா சொல்லலாம். ரத்தம் பொய் சொல்லாதுங்க.”

இதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நன்றாகப் படித்த ஒருத்தியின் குரலாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, “ஏஞ் சரசு, கீரையெல்லாம் நீயே தின்னுபோட்டியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதி சிரிக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “சரிங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை நான் அவருக்கு அம்மிணியாக இருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், முழுப் பட்டியலையும் அன்று சாயங்காலத்துக்குள் டாக்டரிடம் கொடுக்க வேண்டும் என்று நானும் அன்வர் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பாளர் அந்த டாக்டரம்மாதான். ரத்தத்தில் இன்னும் இரண்டு புரதங்களைக் கடைசியாக அளந்திருந்தோம். இரண்டும் நோயைக் காட்டுபவை. ஒன்று, காய்ச்சல் வந்ததும் மளமளவென்று ஏறி, சில நாளில் இறங்கிவிடும். இன்னொன்று மெதுவாக ஏறும். நோய் உள்ளே கிடக்கும்வரை இறங்காது. கனிஷ்காவுக்கு இந்த இரண்டாவது புரதம் ஏறிக் கிடந்தது.

அன்வர் அண்ணன் திரையைப் பார்த்தார், என் படிவத்தைப் பார்த்தார். “ஒண்ணு மெஷின் தப்பா இருக்கோணும், இல்லீன்னா படிவம் தப்பா இருக்கோணும். மெஷினை நான் ரெண்டு தடவை ஓட்டிட்டேன் தங்கச்சி.”

பிறகு திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். டீயின் ருசி நினைவுக்கு வந்தது. ரிப்பனின் நிறம் வந்தது. நான் காய்ச்சலைப் பற்றிக் கேட்ட சத்தம் மட்டும் வரவில்லை. சளியைக் கேட்டதும் வரவில்லை. ஏனென்றால் நான் கேட்கவில்லை. நலம் விசாரித்தேன், அவர் பதில் சொன்னார், நான் அதை நான்காகப் பிரித்து நான்கு கட்டத்தில் போட்டுவிட்டேன்.

மணி மூன்று. என் முன்னால் சில வழிகள் இருந்தன. அப்படியே விட்டுவிடலாம், ஒரு குழந்தையின் எண் மற்றவற்றோடு கலந்து போய்விடும். அல்லது ‘சாம்பிள் கெட்டுவிட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கனிஷ்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் இந்த வேலை போகலாம். எங்கள் வீட்டில் இந்த வேலையைப் பற்றித் தெரியாத உறவுக்காரர் யாரும் இல்லை. அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

பெயரை எடுத்துவிடுவது என்றுதான் பாதி முடிவு செய்திருந்தேன். ஆனால் நோயைக் காட்டும் அந்தப் புரதம் ஏறிக் கிடந்தது. குழந்தைக்குள் ஏதோ இருக்கிறது. அது என்ன என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சரஸ்வதியின் கம்பெனிக்குப் போனேன். நாலு மணிக்கு அவர்களுக்கு டீ இடைவேளை. வாட்ச்மேனிடம் கெஞ்சி ஆளனுப்பச் சொன்னேன்.

சரஸ்வதி தலைமுடியில் நூல் பிசிறோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நடை மெதுவானது.

“என்னங்க மேடம், இன்னும் ஏதாச்சும் கிளாஸ் இருக்குதுங்களா?”

“இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்.”

“என்னையெதுக்குங்க கேக்கறீங்க? ரத்தத்தைக் கேளுங்க. அதுதான் பொய் சொல்லாதுங்களே.”

அதை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? பிறகு, அன்று கேட்க வேண்டியதை அங்கே கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“நாங்க வந்த சமயத்துல பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏதும் இருந்துச்சுங்களா?”

“இல்லீங்க.”

“சளி, இருமல்?”

“இல்லீங்க.”

“வயித்தால போச்சுங்களா?”

“இல்லீங்க.”

“காதுல சீழ் ஏதாச்சும்?”

சரஸ்வதி தலைமுடியில் இருந்த பிசிறை எடுத்துப் போட்டார். “காது வடியுமுங்க. அது போன மழைக்காலத்துல இருந்தே இருக்கறதுதானுங்க. அப்பப்ப நிக்கும், மறுக்கா வரும். பனியன் துணியைத் திரிச்சு வெச்சுடுவனுங்க.”

காதை மூடி மடித்துக் கட்டிய சடை எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. “அன்னைக்கு ஏங்க சொல்லலை?”

“நீங்க எங்கீங்க கேட்டீங்க? நல்லா இருக்கறாளான்னு கேட்டீங்க. ஊட்டுக்கு வந்தவங்க, அதுவும் ஒரு வாய் டீ குடிக்கறதுக்கு முன்னாடி, நல்லா இருக்கறாளான்னு கேட்டா, இல்லீங்க, காதுல சீழ் வடியுதுன்னா சொல்லுவாங்க? உங்க ஊட்டுல அப்படிச் சொல்லுவாங்களா?”

சொல்ல மாட்டார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான். என் அம்மா நெஞ்சுவலியோடு படுத்திருந்த நாளில்கூட, பார்க்க வந்தவர்களிடம் “நல்லா இருக்கறனுங்க” என்றுதான் சொன்னார். வெளியூரிலிருந்து ஒருத்தி வந்திருந்தால் படிவத்தில் உள்ளதை அப்படியே ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டிருப்பாள். எனக்கு இந்தப் பேச்சு ரத்தத்தில் ஊறியது என்பதால்தான் நான் கேட்கவே இல்லை.

“தப்பு என்னோடதுங்கக்கா” என்றேன். “காதுல நோய் இருந்தா நீங்க எவ்வளவு கீரை குடுத்தாலும் அந்தப் புரதம் குறைச்சலாத்தான் காட்டும். ஆளுங்கெல்லாம் ஸ்டாப்புல நிக்கறாங்க, வேன் ரிப்பேரு. அந்த மாதிரி.”

சரஸ்வதி என்னையே பார்த்தார். “அப்ப நான் குடுத்தது வீணில்லீங்களா?”

“வீணில்லீங்க.”

அவர் கம்பெனிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலைக்காகச் சேலைமேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தார். மறுபடி என் பக்கம் திரும்பியபோது பழைய குரல். “இப்ப என்ன பண்ணப் போறீங்க அம்மிணி?”

பெயரை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், உங்களுக்கும் தொந்தரவு இருக்காது என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“பேரை எடுத்துட்டா என்ற புள்ளைக்கு என்னன்னு யாருக்குங்க தெரியும்? எங்க டேபிள்ல தப்பு பீஸ் வந்தா ஒளிச்சு வெக்க மாட்டோமுங்க. ஒளிச்சா கணக்குல பீஸே காணாமப் போயிரும். பாக்காத மாதிரி விட்டா நல்ல பீஸோட சேந்து போயிரும். எங்க தப்போ அந்த எடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர ஒட்டி வெச்சுருவோம். ஆருனாலும் பாத்துக்கலாம். அதுல என்னங்க வெக்கம்?”

பெல் அடித்தது. அவர் உள்ளே ஓடினார்.

திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் படிவத்தையும் எண்ணையும் பார்த்தார். பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டார். “இந்தக் குழந்தைக்கு மட்டும்தான் இப்படி எழுதினீங்களா?”

இந்த வேலையில் நான் சொன்ன வாக்கியங்களில் கஷ்டமானது அதற்கு நான் சொன்ன பதில்தான். “இல்லைங்க மேடம். அந்த மாசம் நான் போன எல்லா வீட்டுலயும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பட்டியல் இன்று போகாது என்றார். எதையும் அழிக்காமல், என் படிவங்கள் ஒவ்வொன்றிலும் குறி போட்டு, திரும்பப் போய்க் கேட்டு, ‘பின்னால் கேட்டது’ என்று தனியாக எழுதச் சொன்னார். “முன்ன எழுதினதும் தெரியணும், இப்ப எழுதறதும் தெரியணும்” என்றார். சரஸ்வதி சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார் என்பது எனக்கு வண்டியில் போகும்போதுதான் உறைத்தது.

அடுத்து வந்த ஞாயிறுகள் எல்லாம் அதற்கே போயின. அன்வர் அண்ணன் புலம்பிக்கொண்டே கூட வந்தார். “என்ற ஊட்டுல ஞாயித்துக்கிழமை பிரியாணி. உன்ற நாலு இல்லைக்காக நான் ஊர் ஊரா டீ குடிச்சுட்டு இருக்கேன்.” ஆனால் ஒரு வீட்டுக்குக்கூட அவர் வராமல் இருந்ததில்லை. நான் நலம் விசாரித்து, டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் படிவத்தை எடுத்தேன். “இது உங்களுக்கு மரியாதைக்குக் கேக்கறது இல்லீங்க, பாப்பா உடம்புக்காகக் கேக்கறது” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சில ‘இல்லை’கள் ‘ஆமாம்’ ஆயின. இன்றுவரை நான் அப்படித்தான் கேட்கிறேன். நீங்களும் டம்ளரைக் கீழே வையுங்கள்.

கனிஷ்காவை அரசு மருத்துவமனையில் காது பார்க்கும் இடத்துக்குச் சரஸ்வதியும் நானும் கூட்டிப் போனோம். அவர் அரை நாள் பர்மிஷன் போட்டிருந்தார். காதுச் சவ்வில் ஓட்டை இருந்தது. இப்படியே விட்டிருந்தால் கேட்பது இன்னும் குறைந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போதே அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லையாம்.

“டி.வி. பக்கத்துலயே போயி நிப்பாளுங்க. கூப்புட்டா வர மாட்டா. அடமுன்னு நெனச்சு ரெண்டு அடிகூட வெச்சிருக்கறனுங்க” என்றார் சரஸ்வதி. மருந்து வாங்கும் வரிசையிலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அன்வர் அண்ணனின் வேடிக்கைக்கு அவள் ஏன் திரும்பவில்லை என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு மருந்து, மாத்திரை, குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது. மாதக்கணக்கில் அலைந்தார். சீழ் நின்றது. ஓட்டை மெல்ல மூடி வருகிறது என்றார்கள். கீரை ஒரு நாளும் நிற்கவில்லை.

காது காய்ந்து சில மாதம் கழித்து, மறுபடி ரத்தம் எடுக்கச் சரஸ்வதியே அவளை எங்கள் அறைக்குக் கூட்டிவந்தார். நான்கு கேள்வியையும் கேட்டேன். நான்கும் இல்லை, அந்த முறை உண்மையான இல்லை. ஊசி குத்தியபோது கனிஷ்கா ஊரைக் கூட்டி அழுதாள். அந்த ரத்தத்தின் முடிவு பிறகு வந்தது. சத்தைக் காட்டும் புரதம் ஏறியிருந்தது, நோயைக் காட்டும் புரதம் இறங்கியிருந்தது. ஆனால் நான் சொல்ல விரும்புவது, முடிவு வருவதற்கு முன்பு அந்த அறையில் நடந்ததை.

அன்வர் அண்ணன் குழாயைச் சுழற்றி எடுத்தார். சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நின்றது. வெளிச்சம் பட்டால் அந்தச் சத்து அழியும் என்பதால் அவர் அதை யாருக்கும் காட்ட மாட்டார்; எடுத்த கையோடு அலுமினியத் தாளில் சுற்றிவிடுவார். சரஸ்வதி கதவருகே நின்று, “நான் ஒரு தடவை பாக்கலாமுங்களா?” என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். ஜன்னலை மூடிவிட்டு, பத்து எண்ணுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று குழாயை உயர்த்திப் பிடித்தார்.

நாள் முழுக்க விளக்கடியில் துணியின் நிறத்தைப் பார்க்கிற கண்கள் அவருடையவை. குழாயில் நின்ற அந்த மஞ்சளை அவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“இந்த மஞ்சள் எதுனாலீங்க?”

“பல காரணமிருக்குதுங்க. அதுல பாப்பா தின்ன கீரையும் ஒண்ணுங்க.”

“கீரை பச்சையாச்சேங்க.”

“பச்சைக்குள்ள மஞ்சள் ஒளிஞ்சிருக்குதுங்க. ரத்தத்துல வந்தாத்தான் தெரியும்.”

அண்ணன் பத்து எண்ணி முடித்துத் தாளைச் சுற்றினார். சரஸ்வதி போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார். அவர் டையிங்கில், துணிக்குச் சாயம் போடும் பட்டறையில், வேலையில் இருந்தார். பின்னால் மோட்டார் சத்தம் எங்களுக்கும் கேட்டது. “ஏனுங்க, பாப்பா ரத்தத்துல நம்ம கீரை தெரியுதுங்க. என்ற கண்ணால பாத்தனுங்க” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து கணவர் ஏதோ கேட்டார். சரஸ்வதி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

“எந்தக் கீரைன்னு கேக்கறாருங்க.”

அன்வர் அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அது ரத்தத்துக்குத் தெரியாதுங்கக்கா” என்றேன். “நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்.”

அவர் போனை வைத்துவிட்டு, மகளை மடியில் இருத்தி, என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். “திங்கக்கெழமை முருங்கைங்க” என்று ஆரம்பித்தார். நான் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.